மூட்டுவலிக்கு வெந்நீர்: மின்சாரம் எவ்வளவு ஆகும்?

முழங்கால் வலிக்கு வெந்நீர் நல்லதா என்று எங்கள் புறநோயாளர் பிரிவில் யாரும் கேட்பதில்லை. அது நல்லது என்பது பாட்டி காலத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: "தினமும் தண்ணீர் சுடவைத்தால் கரண்டு பில் ஏறிவிடாதா டாக்டர்?"

பெருமுக்கல், மரக்காணம் பக்கத்து ஊர்களிலிருந்து வருவோருள் இக்கேள்வியைக் கேட்கும் குடும்பங்கள் இரு வகையின. ஒன்று, கட்டணத்திற்கு அஞ்சி வெந்நீரையே கைவிட்ட குடும்பம். உப்பளத்தில் ஆண்டுக்கணக்காகப் பாத்தியில் நின்றும் குனிந்து உப்பு வாரியும் தேய்ந்த முழங்கால் அந்த வீட்டில் இருக்கும். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது வருமானமும் நிற்கும், வலியோ அப்போதுதான் மிகும். மற்றொன்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ "அப்பாவுக்கு ஒரு ஹாட் டப் வாங்கி வைத்துவிடலாம்" என்று சொல்லும் குடும்பம். அந்நாடுகளின் வீட்டு முற்றங்களில் அவர்கள் பார்த்த, குமிழி பொங்கும் வெந்நீர்த் தொட்டியைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். இவ்விரு குடும்பங்களுக்கும் விடை தருவது ஒரே கணக்குதான்.

தொட்டியைப் பற்றி முதலில் ஒரு செய்தி. இது ஆடம்பரப் பொருளாகத் தொடங்கியதன்று. இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள் விமானச் சுழல்விசிறிகளும், பின்னர் விவசாயக் கிணறுகளுக்கான நீரேற்றுப் பம்புகளும் செய்து விற்றவர்கள். அவர்களுள் ஒருவரான கேண்டிடோவின் மகன் கென்னத்துக்குச் சிறுவயதிலேயே முடக்குவாதம் வந்தது. மருத்துவமனையில் அளிக்கப்பட்ட வெந்நீர்ச் சிகிச்சையை வீட்டிலும் தர வேண்டும் என்பதற்காக, குளியல் தொட்டிக்குள் வைக்கக்கூடிய ஒரு பம்பை அந்தக் குடும்பம் உருவாக்கியது. 1956இல் அது விற்பனைக்கு வந்தது. பம்பைத் தொட்டியிலேயே பொருத்திய வடிவம் 1968இல்தான் வந்தது. ஆக, அதன் தொடக்கம் ஒரு தந்தையின் கவலை. உங்கள் பிள்ளைகளின் கவலையும் அதே வகையைச் சேர்ந்தது என்பதால்தான் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன்.

கணக்கு எளிது

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோகலோரி. எனவே, எத்தனை லிட்டர் என்பதை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும் என்பதால் பெருக்கி, 860ஆல் வகுத்தால் செலவாகும் யூனிட் தெரிந்துவிடும். எந்தக் கடைக்காரரின் விளம்பரத்தையும் இந்த ஒரு வரியால் சோதித்துப் பார்க்கலாம்.

காலை நீரில் வைத்து எடுக்க ஒரு வாளி போதும். 15 லிட்டர் நீர் என்று கொள்வோம். நம் கடற்கரையில் மார்கழி, தை மாதக் காலை வேளையைத் தவிர்த்தால் குழாய்நீர் பெரும்பாலும் 27 டிகிரிக்குக் குறைவதில்லை. அதை 39 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். அதாவது 12 டிகிரி. பதினைந்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 180. அதை 860ஆல் வகுத்தால் 0.21 யூனிட். காற்றிலும் வாளியிலும் வீணாகும் வெப்பத்தைச் சேர்த்துக் கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் ஒரு முறை செய்தால் இரண்டு மாதத்தில் 15 யூனிட்.

இனி ஹாட் டப். நான்கு பேர் அமரும் தொட்டி ஏறத்தாழ 1000 லிட்டர் கொள்ளும். அதை 27 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு முதன்முறை சூடேற்றவே ஏறத்தாழ 13 யூனிட் வேண்டும். ஆனால் உண்மையான செலவு அங்கே இல்லை. நீரை மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பதால், அதை இரவும் பகலும் சூடாக வைத்திருக்க வேண்டும். வடிகட்டும் பம்பையும் நாள்தோறும் சில மணி நேரம் ஓட்ட வேண்டும். மூடி நன்றாகப் பொருந்தியிருந்தால் இவை இரண்டுக்குமாக நாளுக்கு 5 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 300 யூனிட். முதல் சூடேற்றலையும் சேர்த்தால் ஏறத்தாழ 315. நாளுக்கு இருபது நிமிடம் உட்காருவதற்காக, மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் யாருமில்லாத நீருக்கு நாம் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

யூனிட்டை ரூபாயாக மாற்றும்போதுதான் பலருக்கு வியப்பு ஏற்படுகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை மறைந்து 101 முதலே 4.50 ஆகிவிடும்; 500க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8 ரூபாயில் தொடங்கி, அளவு கூடக் கூட விகிதமும் கூடும். 2024 ஜூலையில் இவை சற்று உயர்ந்தன. ஆகவே உங்கள் கையிலுள்ள ரசீதில் எண்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். படிக்கட்டின் அமைப்பு மட்டும் இதுதான்.

இரண்டு மாதத்தில் 240 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன விகிதப்படி அதன் கட்டணம் 405 ரூபாய். தினம் ஒரு வாளி வெந்நீரைச் சேர்த்தால் 255 யூனிட். கட்டணம் 472 ரூபாய் 50 காசு. கூடுதல் 67 ரூபாய் 50 காசு, அதாவது நாளுக்கு ஒரு ரூபாய் பன்னிரண்டு காசு அளவு. காலையும் மாலையும் செய்தாலும் 135 ரூபாய்தான். அதே வீட்டில் ஹாட் டப் வந்தால் 555 யூனிட். கட்டணம் 2390 ரூபாய். கூடுதல் 1985 ரூபாய். தொட்டியின் விலை, ஒரு டன் எடையைத் தாங்கும் தளம், நீரில் கிருமி வளராமல் இருக்கக் குளோரின், அதைச் சரிபார்க்க ஓர் ஆள் ஆகியவை இதில் அடங்கா.

500 என்ற எல்லையைத் தனியே கவனியுங்கள். சரியாக 500 யூனிட் செலவழித்தவர் 1725 ரூபாய் கட்டுவார். 510 யூனிட் செலவழித்தவர் 2030 ரூபாய் கட்டுவார். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! குளிர்சாதனம் ஓடும் கோடை மாதங்களில் உங்கள் வீடு இந்த எல்லையை ஒட்டி நிற்குமானால், ஒரு வாளி வெந்நீர்கூட அதைத் தாண்ட வைக்கலாம். அப்போது பழியை வெந்நீரின்மேல் போட்டு, நோயாளியின் வாளியைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். நிறுத்த வேண்டியது அதுவன்று. நாள் முழுவதும் போட்டு வைத்திருக்கும் கீசரைப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அதன் தொட்டியின் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும், அது மீண்டும் மீண்டும் சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

கட்டணமில்லாத வெந்நீர்

உப்பை விளைவிக்கும் அதே வெயில் நம் மொட்டைமாடித் தொட்டியையும் காய்ச்சுகிறது. பங்குனி முதல் ஆவணி வரை, கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு வரும் நீரைத் தொட்டுப் பாருங்கள். பல நாட்களில் அதற்கு ஹீட்டர் தேவையே இல்லை. சில நாட்களில் குளிர்ந்த நீரைக் கலக்க வேண்டியிருக்கும். வெந்நீர் வைக்கும் நேரத்தை விடியற்காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றினாலே ஆண்டில் பாதி நாட்களுக்குச் செலவு இல்லை. காலை விறைப்பு மிகுந்தவர்களுக்கு மட்டும் காலை வேளையே ஏற்றது. அவர்கள் அந்த ஒரு ரூபாயைச் செலவழிக்கத்தான் வேண்டும். குடிசைகளுக்கான இலவச மின்இணைப்பு விளக்கு போன்ற சிறு பயன்பாட்டுக்கு உரியது. அதில் ஹீட்டர் போடாதீர்கள். அவ்வீடுகளுக்கு வெயிலும் அடுப்புமே வழி. அடுப்பில் சுடவைப்பவர்கள் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். வாளியைப் பச்சைத் தண்ணீருடன் அடுப்பருகே கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

செலவைவிடப் பெரிய ஆபத்து

நான் அஞ்சுவது ரசீதைக் கண்டு அன்று. ஹீட்டர் ராடு என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கம்பியைக் கண்டுதான். 1500 வாட் ராடு 15 லிட்டர் நீரை 27இலிருந்து 39 டிகிரிக்குக் கொண்டுவர எட்டு, ஒன்பது நிமிடம் போதும். 1000 வாட் ராடுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். ஆனால் வழக்கத்தில் ராடைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள். 1500 வாட் ராடு அரைமணி நேரம் இருந்தால் அதே வாளி 70 டிகிரியை எட்டும். 60 டிகிரி நீரே ஐந்தாறு நொடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். ஆகவே கைப்பேசியில் பத்து நிமிடத்திற்கு மணி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் மிஞ்சும், தோலும் பிழைக்கும்.

மின்னதிர்ச்சி இன்னொன்று. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே நீரில் கை வைக்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இரும்பு வாளி, எவர்சில்வர் அண்டா வேண்டாம். பிளாஸ்டிக் வாளியே நல்லது, ராடு அதன் சுவரைத் தொடாதபடி. நம் பகுதிக் கிணற்று நீரிலும் ஆழ்துளை நீரிலும் உப்பு மிகுதி. அதனால் ராடின்மேல் வெள்ளைப் படிவு விரைவில் ஏறும். படிவு ஏறினால் மின்கட்டணம் மிகவும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள்; நீரில் மூழ்கிய ராடில் அவ்வளவாகக் கூடாது, வெப்பம் எப்படியும் நீருக்குத்தான் போகும். உண்மையில் நடப்பது, படிவுக்குள் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகி வெடிப்பு விடுவதும், அந்த வெடிப்பின் வழியே மின்சாரம் நீரில் கசிவதும்தான். வெடிப்போ துருவோ தெரிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.

உப்புக்காற்று எர்த் கம்பியையும் அரிக்கும். வீட்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை மின்பணியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தச் செய்யுங்கள். கசிவு ஏற்பட்ட கணமே இணைப்பைத் துண்டிப்பது அது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது இப்பகுதியில் எத்தனை வீடுகளில் நீர் புகுந்தது என்பது உங்களுக்கே தெரியும். அவ்வாறு சுவர் நனைந்த வீட்டில், மின்பணியாளர் சோதித்துச் சொல்லும்வரை ராடும் கீசரும் வேண்டாம்.

யாருக்கு வெந்நீர் கூடாது

நீரிழிவு உள்ளவர்கள் காலை வெந்நீரில் ஊறவைக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது நாள்தோறும் மீறப்படும் அறிவுரை. நீரிழிவால் நரம்பு பழுதுபட்ட பாதத்திற்குச் சூடு தெரியாது. "எனக்குச் சுடவே இல்லை" என்று நோயாளி சொல்வது நல்ல செய்தியன்று, அது எச்சரிக்கை. கொப்புளம் வந்த பின்னர்தான் வீட்டாருக்குத் தெரிய வரும். அது புண்ணாகி ஆறாமல் போனால் விரலையோ காலையோ இழக்க நேரிடலாம். ஊறுவதால் தோல் மென்மையாகி வெடிப்பதும் உண்டு. இவர்களுக்கு வலி முழங்காலில்தான் என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முழங்காலில் மட்டும் வைக்கலாம். அந்தத் துண்டின் சூட்டை நோயாளி அல்ல, உடனிருப்பவர் தம் முழங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்பவர்களின் பாதங்களில் வெடிப்பும் புண்ணும் இருப்பது வழக்கம். புண் ஆறும்வரை ஊறவைக்க வேண்டாம். வெந்நீரில் கல்லுப்பு போடலாமா என்றும் கேட்கிறார்கள். மூட்டுக்குள் உப்பு போவதில்லை. இதம் தருவது சூடுதான். நாள் முழுவதும் உப்புநீரில் நின்ற காலுக்கு வீட்டிலும் உப்பா?

திடீரெனச் சிவந்து, வீங்கி, தொட்டால் அனலாயிருக்கும் மூட்டுக்கு வெந்நீர் கூடாது. அது யூரிக் அமில வாதமாகவோ சீழ்க்கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே, இரத்தம் உறைந்திருக்கக்கூடும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள் சாதாரண நீரில் சோப்பிட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், சூடு வேண்டாம். கால் இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

உடல் முழுவதும் மூழ்கும் தொட்டிக்கு இன்னும் கட்டுப்பாடுகள் உண்டு. சூட்டில் இரத்தக்குழாய்கள் விரிவதால் இரத்த அழுத்தம் இறங்கும். அழுத்த மாத்திரை உண்ணும் முதியவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்தால், முழங்கால் வலிக்கு வந்தவர் இடுப்பெலும்பு முறிவோடு படுக்க நேரும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். மருத்துவமனைகளில் வெந்நீர்க் குளத்தில் அளிக்கும் சிகிச்சையின் பயன் பெரும்பாலும் நீருக்குள் நடந்து செய்யும் பயிற்சியால் வருவது. உட்கார்ந்திருக்கும் தொட்டியில் அதற்கு இடமில்லை. ஆகவே பிள்ளைகள் கேட்டால், தொட்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் குளியலறையில் கைப்பிடிக் கம்பிகளும், மேற்கத்தியக் கழிப்பறையும், ஆர்.சி.சி.பி.யும் பொருத்தித் தரச் சொல்லுங்கள். அப்பாவின் முழங்காலுக்கு அவற்றால்தான் நன்மை அதிகம்.

செய்ய வேண்டிய முறை

நீர் 38 முதல் 40 டிகிரிக்குள் இருக்கட்டும். அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியின் நுனியை நீரில் வைத்தால் போதும். பாரன்ஹீட்டில் 100 முதல் 104 வரை காட்ட வேண்டும். அளவு மிஞ்சினால் எண்ணுக்குப் பதிலாக 'எச்' என்ற எழுத்து வரும். அப்போது பச்சைத் தண்ணீர் சேருங்கள். பாதரசக் கண்ணாடி வெப்பமானியை நீரில் வைக்க வேண்டாம்.

கணுக்கால், பாத வலிக்கு வாளியில் கால் வைக்கலாம். முழங்கால் வாளிக்குள் மூழ்காது. அதற்கு அதே நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து சுற்றி, ஆறும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் போதும். பிறகு விரலிடுக்குவரை ஈரம் போகத் துடையுங்கள். சூடு தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்காது. ஓரிரு மணி நேரம் விறைப்பைத் தளர்த்தும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு இனி ஏறவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எழுதித் தருவது இந்தப் பயிற்சியைத்தான். ஆறு வாரம் விடாமல் செய்துவிட்டு, மறுபரிசோதனைக்கு வரும்போது கடைசி மின்கட்டண ரசீதையும் கொண்டுவாருங்கள். உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.